மஞ்சளில் அவிந்த பல்லுறை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: என் வயிற்றில் பூச்சி இல்லை.

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பூச்சிக் குளிசை மூன்று முறை விழுங்கினேன். வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டித் தந்ததையும் விழுங்கினேன். நித்திரையில் பல்லை நறநறவென்று நெருமுகிறவனுக்கு வயிற்றில் பூச்சி என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பல் வைத்தியருக்கு மட்டும்தான் தெரியாது. அவர் சொன்ன காரணத்தை வீட்டில் வந்து சொன்னபோது, அந்த வைத்தியப் பிள்ளை படித்து வெளியே வந்து எத்தனை வருசம் என்று கேட்டார்கள். இந்தப் பல் நெருமுகிற வருத்தம் உள்ளவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அவர்களாவது பூச்சிக் குளிசை விழுங்காமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது நாற்பத்திரண்டு. வெல்லாவெளிப் பக்கம் ஒரு பிரிவில் கிராம உத்தியோகத்தர். சனம் ஜீ.எஸ். என்று கூப்பிடும். யானை வட்டைக்குள் இறங்கி வயலை மிதித்தால் என்னிடம் வருவார்கள். உதவிப் பட்டியலில் பெயர் விடுபட்டால் என்னிடம் வருவார்கள். யானையை அனுப்பியவனும் பெயரை வெட்டியவனும் நான்தான் என்பதுபோல ஏசுவார்கள். நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன். திருப்பி ஒரு சொல் சொன்னால் அடுத்த நாளே மேலிடத்துக்கு மனுப் போய்விடும்.

வீட்டிலும் நான் அதிகம் வாய் திறக்கிறவன் இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் எழுதப்படும். நான் பழுகாமத்தில் பிறந்து, பதினொரு வருசத்துக்கு முன் ஒரு சூட்கேசோடு களுவாஞ்சிக்குடிக்கு, சுகந்தியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். சுகந்தி பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். ஒன்பது வயதில் ஒரு மகள். மாமனார் காலமாகிவிட்டார், மாமி எங்களோடுதான் இருக்கிறார். மாமி பழைய ஆள். மருமகனோடு நேருக்கு நேர் பேசுவது மரியாதை இல்லை என்று நினைப்பவர். நான் விறாந்தையில் இருக்கும்போது சுகந்தியைப் பார்த்து, "அவருக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு கேளு" என்பார். நான் வேண்டாம் என்று சுகந்திக்குச் சொல்வேன். சுகந்தி மாமிக்குச் சொல்வாள். மூன்று பேரும் ஒரு பாய் அகலத்துக்குள்தான் நிற்போம்.

வருத்தம் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நித்திரையில் இருக்கிறவனுக்கு அது கேட்காது. சுகந்திதான் முதலில் சொன்னாள். நான் நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் ஏதோ கோபம், என்னில் காட்டுகிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் மகள் கைபேசியில் பதிந்து வைத்திருந்ததை இடியப்பம் சாப்பிடும்போது போட்டுக் காட்டினாள். யாரோ சிரட்டை தேயத் தேயத் தேங்காய் துருவுகிற சத்தம். இதைக் கேட்டுக்கொண்டு எப்படி ஆள் படுக்கும் என்று நான் கேட்டேன். "இது நீங்கதான் அப்பா" என்றாள்.

எங்கள் வீட்டு உட்சுவர்கள் கூரை வரை போகாது. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் இடைவெளி உண்டு. அப்படியென்றால் இந்தச் சத்தம் மாமியின் அறைக்கும் போயிருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. வெட்கத்தில் இடியப்பத் தட்டைத் தள்ளி வைத்தேன். அடுத்த கிழமை, பரீட்சைத்தாள் திருத்துகிற காலம், நித்திரை வேண்டும் என்று சொல்லி சுகந்தி மகளையும் கூட்டிக்கொண்டு மாமியின் அறைக்குப் படுக்கப் போனாள். முதலாவது பூச்சிக் குளிசை அந்த வாரம்தான் மேசைக்கு வந்தது. பரீட்சைத்தாள் திருத்தி முடிந்த பிறகும் சுகந்தி திரும்பி வரவில்லை. அது எனக்குப் பூச்சிக் குளிசையைவிடக் கசந்தது.

பட்டிருப்புப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் போகும்போது வாவிக் காற்று முகத்தில் அடிக்கும். பதினொரு வருசமாக அடிக்கிற காற்றுத்தான். ஒரு நாள் அது கீழ் வலது கடைவாய்ப் பல்லுக்குள் ஊசி மாதிரி இறங்கியது. பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவ்வழியால் போன ஒருவர் தானும் நிறுத்தி, யானை வேலிக்குக் கடிதம் எழுதியாயிற்றா என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிப் பற்சிகிச்சைப் பிரிவில் இலக்கத் துண்டு எடுக்க விடியவே போய் நிற்கவேண்டும். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் என்னைத் தெரிந்தவர்கள். எனக்குக் கன்னம் விண்விண் என்று தெறிக்கிறது. பக்கத்தில் இருந்த அம்மா பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழைத்துவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்கிறார். என் கந்தோரில் என்றால் மேசையாவது நடுவில் இருக்கும். இங்கே ஒரே வாங்கில் இருந்தபடி எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். நான் தலையை ஆட்டி ஆட்டி இருந்தேன். என் இலக்கத்தைக் கூப்பிட்டபோது பல் கழற்றுவதற்கு யாரும் அவ்வளவு வேகமாக எழும்பியிருக்கமாட்டார்கள்.

பல் வைத்தியர் இளம் பெண். கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார், எக்ஸ்றே எடுப்பித்தார், பிறகு கைக்கண்ணாடியைத் தந்து என்னையே பார்க்கச் சொன்னார். என் பற்களின் நுனி எல்லாம் உளியால் மட்டம் தட்டியதுபோலத் தட்டையாக இருந்தன. கடைவாய்ப் பல்லில் மயிர் போல ஒரு வெடிப்பு. நித்திரையில் தாடைத் தசைகள் தாமாக இறுகி, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று அரைபடுகின்றன, பகலில் சாப்பிடும்போது கொடுக்கிற பாரத்தைவிட இது பல மடங்கு என்றார். மன அழுத்தம் ஒரு காரணம். ஆனால் எல்லாருக்கும் அதுதான் என்று சொல்ல முடியாது. பூச்சியா என்று கேட்டேன். இல்லை என்றார். என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தது தெரிந்தது.

வருத்தத்தை அடியோடு நிறுத்த மருந்து இல்லை. பற்களைக் காப்பாற்றத்தான் வழி. அதற்குத்தான் மவுத் கார்ட். குத்துச்சண்டைக்காரர் போடுகிற மாதிரிப் பெரிதல்ல. மேற்பற்களுக்கு மேல் மட்டும் பொருந்துகிற மெல்லிய, கண்ணாடி நிறமான உறை. அவரவர் வாய்க்கு அளவெடுத்துச் செய்யவேண்டும். நெருமினாலும் பல் தேயாது, உறைதான் தேயும். அளவு எடுப்பது என்பது ஒரு தட்டில் குளிர்ந்த களியை நிரப்பி வாய்க்குள் அமத்துவது. களி தொண்டைப் பக்கம் வழிய, எனக்குக் குமட்டிக் கண்ணால் நீர் ஓடியது. மூக்கால் மூச்செடுங்கள் என்று சொன்னார்கள். மூக்கு அடைத்திருந்தது. அச்சைப் பட்டறைக்கு அனுப்பினார்கள். உறை வர மூன்று வாரம் என்று சொன்னார்கள், ஐந்து வாரம் சென்றது. நான் போய்க் கேட்கவில்லை. தாமதம் ஏன் என்று கேட்டு வருகிற சனத்தைப் பற்றி நான் என்ன நினைப்பேன் என்று எனக்குத் தெரியும்.

உறை வந்தது. முதல் நாள் வாய் நிறைய எச்சில். ஒரு சொல் சொல்ல முடியாது, சொன்னால் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாம் நாள் நித்திரையிலேயே கழற்றி எறிந்திருந்தேன். தலையணைக்குக் கீழே தேடி எடுத்தேன். நாலாம் நாள் பழகிவிட்டது. விடிய எழும்பும்போது வருகிற தலையிடி குறைந்தது. பாலத்துக் காற்று பல்லைத் தொடவில்லை. பத்தாம் நாள் சுகந்தி தலையணையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்குத் திரும்பி வந்தாள். விளக்கை நிறுத்திவிட்டுப் படுத்தாள். எனக்கு அப்போது வந்த சந்தோசத்தை எழுதத் தெரியவில்லை.

பிறகு வைகாசி வந்தது, அம்மன் சடங்கு வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கண்ணகி அம்மன் கோயில் வருசத்தில் ஒரு முறை கதவு திறக்கும். கதவு திறந்த நாளில் இருந்து கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு முடியும் வரை வீட்டில் மீன் இறைச்சி இல்லை, வீடு வாசல் எல்லாம் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். மாமி இதில் பெரிய கடும்பிடி. பானை சட்டியில் இருந்து கதவுப் பிடி வரைக்கும் அவர் கை படாமல் தப்பாது. கதவு திறந்த அன்று மாலை நான் கந்தோரால் வந்து, முகம் கழுவப் போனால், என் உறை அதன் சின்னப் பெட்டிக்குள் இளமஞ்சளாகக் கிடக்கிறது. மாமி அதை மஞ்சள் போட்ட கொதிதண்ணீரில் அவித்திருந்தார்.

சுகந்தி போய்க் கேட்டு வந்தாள். சடங்குக்கு எல்லாம் கழுவினதுதானே என்று மாமி சொன்னாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்குள் கிடந்த எச்சில் சாமான், வீட்டில் இருந்தால் துடக்கு, தீட்டு, அதனால் அவித்திருக்கிறார் என்று நினைத்தேன். பதினொரு வருசம் இருந்தும் என்னுடைய பொருள் இந்த வீட்டில் அவித்துச் சுத்தம் செய்யவேண்டிய பொருள். பிளாஸ்டிக் சூட்டில் நெளியும் என்று யாருக்கும் தெரியாதா? எனக்கே அது வாயில் வைக்கும் வரை தோன்றவில்லை. போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. வலப்பக்கம் மட்டும் அமர்ந்தது.

இங்கே என் பிழையையும் சொல்லவேண்டும். அடுத்த நாளே பல் வைத்தியரிடம் போயிருக்கலாம். போகவில்லை. போடாமல் படுத்தால் சத்தம் போகும். சுகந்தி தலையணையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அதனால் நெளிந்த உறையையே பல்லால் கடித்து அமத்திக்கொண்டு படுத்தேன். ஒரு நாள் அல்ல, நாலு நாள். மூன்றாம் நாள் கன்னம் வலிக்க, சுகந்தியோடு வாய்த்தர்க்கம் வந்தது. என் கந்தோருக்குப் பின்னால் படுக்க ஓர் அறை உண்டு, அங்கே போய்விடுகிறேன், இந்த வீட்டு ஆக்கள் சுத்தமாக இருக்கட்டும் என்று சொன்னேன். சுவருக்கு மேலால் போகட்டும் என்று வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன்.

சுகந்தி குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வெளிக்கிட்டுப் போனா ஊர் அம்மாவத்தான் கேக்கும், மருமகன வச்சிரிக்கத் தெரியல்லையா எண்டு" என்றாள். "யோசிச்சுத்தான் கதைக்கிறீங்களா?"

யோசித்துத்தான் கதைக்கிறேன் என்றேன். உண்மையில் மாமிக்கு அது குத்தவேண்டும் என்றுதான் சொன்னேன்.

ஐந்தாம் நாள் விடிய எழும்பினால் வலது கன்னம் வீங்கித் தாடை இறுகிவிட்டது. வாய்க்குள் ஒரு விரல்தான் போகும். காய்ச்சல். எச்சில் விழுங்கினால் காது வரை வலி. சுகந்தி என்னைத் திரீவீலரில் ஏற்றிக்கொண்டு போனாள். பல் வைத்தியர் உறையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நெளிந்த உறை ஒரு பல்லில் மட்டும் முட்டியிருக்கிறது. இரவு முழுவதும் முழுத் தாடையின் பாரமும் அந்த வெடித்த பல்லிலேயே இறங்கியிருக்கிறது. வெடிப்பு வேர் வரை போய், உள்ளே சீழ் பிடித்துவிட்டது. பொருந்தாததை ஏன் போட்டீர்கள் என்று கேட்டார். வாய் திறக்க முடிந்திருந்தாலும் காரணத்தைச் சொல்லியிருக்கமாட்டேன்.

பெரியாஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினார்கள். வாட்டில் நாலு நாள். இரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்றே எடுத்தார்கள், கையில் ஊசி ஏற்றி மருந்து விட்டார்கள். பல்லுக்காக ஒருவனை வாட்டில் படுக்க வைப்பார்களா என்று நான் நினைத்தேன். பெரிய டொக்டர் வந்து விளக்கினார்: கீழ்த்தாடையில் பிடித்த சீழ் சில வேளை நாக்குக்கு அடியில் பரவிக் கழுத்துக்கு இறங்கும். இறங்கினால் மூச்சுக் குழாயை நெருக்கும். அதனால்தான் மணிக்கொரு தடவை தாதி மிஸ்ஸி வந்து நாக்கைத் தூக்கச் சொல்கிறார், கழுத்தைத் தடவிப் பார்க்கிறார். இதைக் கேட்ட பிறகு எனக்கு நித்திரை போய்விட்டது. விழுங்க முடிகிறதா என்று நானே நூறு தடவை விழுங்கிப் பார்த்தேன். செத்துப்போனால் காரணம் என்று என்ன எழுதுவார்கள்? எங்கள் பிரிவில் சாவு விழுந்தால் அந்தக் கடிதம் எழுதுகிறவன் நான்தான். மகளை நினைத்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடிப் புடவைக் கடைக்காரர் ஒருவர். விபத்தில் தாடை உடைந்து, பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அவருக்கும் கதைக்க ஏலாது, எனக்கும் ஏலாது. கைபேசியில் எழுதி எழுதிக் காட்டிக்கொண்டோம். அவருடைய மனைவி எனக்கும் ஒரு கட்டு உறிஞ்சு குழாய் வாங்கி வந்து தந்தார். அந்தக் குழாயால்தான் கஞ்சி குடித்தேன். தேங்காய்ப்பால் விட்ட அரிசிக் கஞ்சி, காலையும் மாலையும் வீட்டில் இருந்து வரும். சுகந்தி வைத்தால் உப்புக் கூடும். இது சரியாக இருந்தது. மாமி வைத்தது என்று முதல் மிடறிலேயே தெரிந்தது. கோபத்தோடுதான் குடித்தேன், கடைசித் துளி வரை குடித்தேன்.

மூன்றாம் நாள் வாய் இரண்டு விரல் திறந்தது. விறைக்கிற ஊசி போட்டுப் பல்லைக் கழற்றினார்கள். இரண்டு துண்டாக வந்தது. இரத்தம் நிற்கும் வரை பஞ்சைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். நெருமாதே என்று சொன்னவர்களே இப்போது இறுக்கிக் கடி என்கிறார்கள் என்று எரிச்சல் வந்தது.

பஞ்சோடு படுத்திருந்தபோது பார்வையாளர் நேரம் ஆயிற்று. சுகந்தி வந்து பார்த்துவிட்டு, மருந்து எடுக்கக் கீழே போனாள். அவள் போனதும் கட்டிலின் கால்மாட்டில் மாமி நின்றார். தலையில் முந்தானை, கையில் கஞ்சிப் போத்தல். சுகந்தியைத் தேடி வாசலைப் பார்த்தார். சுகந்தி இல்லை. நான் மூன்று நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த சொல் எல்லாம் தொண்டை வரை வந்தது. வாயில் பஞ்சு.

மாமி போத்தலை மேசையில் வைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினார்.

"மருமகன், நான் அத அருவருத்து அவிக்கல்ல. கதவு திறக்கிற அண்டைக்கு இந்த வீட்டு ஆக்களுட சாமான் எல்லாத்தையும் மஞ்சள் தண்ணியில போடுறது. சுகந்தியிட சீப்பு, புள்ளையிட தண்ணிப் போத்தல், என்ட மூக்குக் கண்ணாடி, எல்லாம் போட்டன். உங்கட சாமான மட்டும் எடுத்து அங்கால வச்சா, இவர் இந்த வீட்டு ஆள் இல்ல எண்டு அம்மனுக்கு நானே சொன்ன மாதிரி வந்திரும். அதுதான் போட்டன். நெளியும் எண்டு எனக்குத் தெரியா."

நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். வாய் சும்மா இருந்திருந்தால், அவர் முதல் சொல் சொல்லும்போதே நான் என் பேச்சைத் தொடங்கியிருப்பேன். இதைக் கேட்டிருக்கமாட்டேன்.

"கந்தோருல போய் இரிக்கிறதெண்டா இரிங்க, உங்கட விருப்பம்" என்றார் மாமி. "கோவத்தோட போகாதங்க. பல்லுக்குக் கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. தாடை வலியில் அது கண்ணால் வடிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையைக் கையால் காட்டினேன். பதினொரு வருசத்தில் மாமி என் முன்னால் கதிரையில் குந்தி இருந்து நான் கண்டதில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டு, நுனியில் இருந்தார். மருந்துப் பையோடு வாசல் வரை வந்த சுகந்தி எங்களைப் பார்த்தாள், உள்ளே வராமல் வெளி வாங்கில் போய் இருந்துகொண்டாள்.